மிட்சுயோவின் தங்க உரிமம்

ஜப்பானில் ஐந்து வருடம் ஒரு விபத்தும் ஒரு அபராதமும் இல்லாமல் வண்டி ஓட்டினால் உரிமத்தில் தங்க நிறப் பட்டை போட்டுக் கொடுப்பார்கள். மிட்சுயோ ஒகுயாமாவின் உரிமத்தில் அந்தப் பட்டை இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக மினுங்குகிறது. மினுங்காமல் என்ன செய்யும்? அவள் ஸ்டியரிங்கைத் தொட்டே முப்பத்திரண்டு வருடம் ஆகிறது. ஓட்டாதவளை எந்தப் போலீஸ் பிடிக்கும்?

உரிமம் புதுப்பிக்கும் நாளில் மட்டும் அதைப் பெட்டியிலிருந்து எடுப்பாள். ஒரு போட்டோ, ஒரு அரை மணி நேர வகுப்பு, மறுபடியும் பெட்டி. இப்படிப்பட்டவர்கள் அந்த யமகாத்தா மலைப்பக்கத்தில் ஊருக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. வீட்டுக்காரர் ஓட்டுகிறார், அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறாள், அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் தோமிசோவுக்கு எழுபத்தொரு வயது. மொகாமி ஆற்றின் நீர்மட்டத்தை அளக்கும் அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர். எதையும் அளக்காமல் நம்ப மாட்டார். போன ஆகஸ்டில் கண் மருத்துவர் அவரையே அளந்துவிட்டார். கண்ணில் அழுத்தம் ஏறி வலது கண்ணின் கீழ்ப்பாதிப் பார்வை போய்விட்டது, இனி வண்டி கூடாது என்றார். தோமிசோ மறுநாளே காவல் நிலையத்துக்குப் போய் உரிமத்தை ஒப்படைத்தார். அந்த வாரமே வண்டியையும் விற்றார்.

மனிதர் செய்தது சரிதான். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் வண்டி இல்லாமல் குடித்தனம் நடத்துவது எப்படி என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. மருத்துவமனை பத்தொன்பது கிலோமீட்டர். மளிகைக் கடை பதினாலு. பஸ் காலையில் ஒன்று, மதியம் ஒன்று. பனி விழ ஆரம்பித்தால் இரண்டாள் உயரத்துக்கு விழும். சென்டாயில் இருக்கும் மகள் சிகுசா தினமும் போன் போட்டாள். தன் ஏழாவது மாடி வீட்டில் ஒரு அறையைக் காலி செய்துவிட்டதாகவும், முதல் பனிக்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்றும் அன்பாகத்தான் சொன்னாள். அந்த அன்புதான் மிட்சுயோவைப் பயமுறுத்தியது. வாழ்க்கைப்பட்டு வந்த வீடு, நட்ட சேப்பங்கிழங்கு, காலையில் தானாகக் கால் நடந்துபோகிற வாய்க்கால் ஓரம், இதையெல்லாம் விட்டுவிட்டு ஏழாவது மாடியில் போய் உட்கார்ந்து என்ன செய்வது? அவள் உட்காரப் பிறந்தவள் இல்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தேழு வருடம் நின்றே சமைத்தவள்.

ஒருநாள் சாப்பாட்டின்போது, "நான் ஓட்டறேன்," என்றாள். தோமிசோ சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை, அதுவரை நல்லது. முதலில் வண்டியைத் தேர்ந்தெடுப்போம், பிறகு நீ ஓட்டுநர் பள்ளியில் போய்ப் பழகிக்கொள் என்றார். தேர்ந்தெடுக்கிற வேலை தன்னுடையது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மேசையைப் பார்க்க முடியவில்லை. பதினோரு கேட்டலாக். ஒவ்வொன்றிலும் மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தது. சின்ன வண்டி, பாதி பெட்ரோலிலும் பாதி பேட்டரியிலும் ஓடுகிற ஹைபிரிட், பனிக்கு நாலு சக்கரமும் இழுக்க வேண்டும் என்பது வரைக்கும் இருவருக்கும் ஒத்துப்போனது. மைலேஜ் விஷயத்தில் தோமிசோ ஒற்றைக் காலில் நின்றார். அதில் நியாயமும் உண்டு. ஊரில் இருந்த ஒரே பெட்ரோல் பங்க்கை மூடி நாலு வருடம் ஆகிறது. பெட்ரோல் போடவே பதினாறு கிலோமீட்டர் இறங்கிப் போக வேண்டும். ஆகவே லிட்டருக்கு முக்கால் கிலோமீட்டர் கூடுதலாகப் போகிற நீள மூக்கு வண்டி ஒன்றை அவர் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தார். மிட்சுயோவுக்கு அந்த மூக்கைப் பார்த்தாலே பயம். மூக்கின் நுனி எங்கே முடிகிறது என்று உள்ளேயிருந்து தெரியுமா என்று கேட்டாள். கேட்டலாக்கில் அப்படி ஒரு எண் இல்லை என்று அவர் பதில் சொன்னார்.

அக்டோபர் நடுவில் கீழ் ஊர் ஷோரூமிலிருந்து ஹோஷிகவா என்ற விற்பனையாளர் தானே வண்டியில் வந்து இருவரையும் அழைத்துப் போனார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தலை குனிந்து வணங்கினால் நிமிர நேரமாகும் ஆள். ஷோரூமில் அவர்கள் உட்கார்ந்த மேசைக்கு இந்தப் பக்கம் வந்து முழங்காலிட்டு, எந்தத் தேநீர் வேண்டும் என்று கேட்டார். பிறகு பேட்டரி, டயர், உத்தரவாதம் எல்லாவற்றையும் தோமிசோவைப் பார்த்தே விளக்கினார். மிட்சுயோவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், என்ன நிறம் பிடிக்கும் என்று. அவள் தேநீரைக் குடித்தாள். அவள் பார்வை அங்கே மூலையில் நின்ற குட்டை மூக்கு வண்டி ஒன்றின்மேல் இருந்தது. எழுந்துபோய் அதில் உட்கார்ந்து பார்த்தாள். சீட்டை முன்னால் இழுத்து உயர்த்தியதும் மூக்கின் இரண்டு மூலையும் தெரிந்தன. கால் எட்டியது. அவளுக்கு அப்போதே மனசு நிறைந்துவிட்டது. தோமிசோ கேட்டலாக்கைப் புரட்டி, இது முக்கால் கிலோமீட்டர் குறைவு என்று அங்கிருந்தே சொன்னார்.

ஓட்டிப் பார்க்கலாமே என்றார் ஹோஷிகவா. ஓட்டுகிறவரின் உரிமத்தை நகல் எடுக்க வேண்டும் என்று கையை நீட்டினார். தோமிசோவின் கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. அவர் முகத்தைப் பார்க்க மிட்சுயோவுக்குப் பொறுக்கவில்லை. யோசிக்காமல் தன் உரிமத்தை எடுத்து நீட்டினாள்.

ஹோஷிகவா அதை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். "தங்கப் பட்டையா! அம்மா, நீங்க ரொம்ப ஜாக்கிரதையா ஓட்டுவீங்கபோல. இந்த மலைப்பாதையில இது பெரிய விஷயம்மா."

இப்போதுதான் கேடு வந்தது. ஒரு மனிதர் மனதாரப் புகழும்போது, இல்லை நீங்கள் தப்பாக நினைத்துவிட்டீர்கள் என்று அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? அப்படிச் சொல்ல அந்த ஊரில் யாரும் வளர்க்கப்படவில்லை. கணவர் சொல்லிவிடுவார் என்று மிட்சுயோ காத்திருந்தாள். மனைவியின் விஷயத்தை அவளே சொல்லட்டும் என்று தோமிசோ காத்திருந்தார். இரண்டு பேரும் மரியாதையாக மாறி மாறிக் காத்துக்கொண்டிருந்ததில், ஹோஷிகவா நகலும் எடுத்து, கதவையும் திறந்து, அவளை ஓட்டுநர் சீட்டில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் ஏறிவிட்டார். தோமிசோ பின்னால் ஏறினார். பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

மிட்சுயோ பொத்தானை அமுக்கினாள். ஒரு சத்தமும் இல்லை. சரிதான், நல்லவேளை கிளம்பவில்லை என்று நினைத்து இன்னொரு முறை அமுக்கினாள். அணைந்துவிட்டது. மறுபடி அமுக்கினாள்.

"ஓடிக்கிட்டுத்தாம்மா இருக்கு," என்றார் ஹோஷிகவா. "பேட்டரியில கிளம்புறப்ப சத்தமே வராது."

இப்போது இறங்கிவிடலாம். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் இறங்கினால் அந்தச் சீட்டில் மறுபடி ஏறும் தைரியம் தனக்கு வராது, நேரே சென்டாய்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிரேக்கிலிருந்து காலை மெல்ல எடுத்தாள். வண்டி நகர்ந்தது.

ஷோரூமுக்குப் பின்னால் ஆற்றங்கரை வழியாக ஒரு சுற்று, எல்லாம் இடது திருப்பம்தான், இரண்டரைக் கிலோமீட்டர். மிட்சுயோ மணிக்கு முப்பத்திரண்டு கிலோமீட்டரில் போனாள். பள்ளிக்கூடத்தில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சூப் காய்ச்சி, விளிம்புவரை நிரம்பிய பானையைத் தள்ளுவண்டியில் வைத்து, நீள வராந்தாவில் ஒரு சொட்டுச் சிந்தாமல் தள்ளிப்போவாள். அதே மாதிரி போனாள். நிறுத்த வேண்டிய இடத்தை நூறு அடிக்கு முன்னாலேயே பார்த்து, காலை எடுத்து, வண்டி தானாகத் தளர்ந்து நிற்க விட்டாள். பின்னால் ஒன்பது வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. அந்தப் பருவத்து வழக்கப்படி ஆற்று மணலில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து சேப்பங்கிழங்கும் மாட்டிறைச்சியும் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தவர்கள், என்ன ஊர்வலம் என்று நிமிர்ந்து பார்த்தார்கள்.

வளைவில் முட்டைக்கோஸ் ஏற்றிய குட்டி லாரி ஒன்று சந்திலிருந்து சட்டென்று தலையை நீட்டியது. மிட்சுயோ நிறுத்தினாள். பதறாமல் நிறுத்தினாள். லாரிக்காரர் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார். தோமிசோ பின்னாலிருந்து, "நல்லா நிறுத்தினே," என்றார். கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த பாராட்டுகளை ஒரு கை விரலுக்குள் அடக்கிவிடலாம். மிட்சுயோவுக்கு வண்டியின் முன் கண்ணாடி மங்கலாகத் தெரிந்தது. கண்ணைத் துடைக்கக் கையை எடுக்க முடியாதே, இமையைக் கொட்டிக் கொட்டிச் சமாளித்தாள்.

ஷோரூமுக்குத் திரும்பியதும்தான் மாட்டிக்கொண்டாள். அங்கே எல்லாரும் வண்டியைப் பின்பக்கமாக எடுத்துக் கோட்டுக்குள் அழகாக விடுவார்கள். நேராக நுழைக்கிறவர்களைப் பார்க்கவே முடியாது. மிட்சுயோ கண்ணாடிக் கதவுக்கு முன்னால் மூக்கை வைத்து நிறுத்தி, பொத்தானை அமுக்கி அணைத்துவிட்டாள். திரையில் ஒரு எண் வந்தது. தொண்ணூற்றாறு.

பெட்ரோலைச் சிக்கனமாகச் செலவழித்து ஓட்டியதற்கு வண்டி தானே போடுகிற மதிப்பெண் அது. ஹோஷிகவா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். தன்னுடைய மதிப்பெண் எண்பத்தொன்று என்றும், அந்தக் கிளையில் இதுவரை யாரும் எண்பத்தொன்பதைத் தாண்டியதில்லை என்றும் சொல்லி, உள்ளேயிருந்து மேலாளரையும் கணக்கரையும் கூப்பிட்டுக் காட்டினார். அவர்கள் வரிசையாக நின்று வணங்கினார்கள்.

மிட்சுயோ இறங்கினாள். இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் பாவம் என்று தோன்றிவிட்டது.

"எனக்குப் பின்னால எடுக்கத் தெரியாது. முப்பத்திரண்டு வருஷமா நான் வண்டியே ஓட்டல. முன்னாடியே சொல்லியிருக்கணும், மன்னிச்சிடுங்க."

ஹோஷிகவாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் மனிதர் கோபிக்கவில்லை. கேட்காமல் விட்டது தன் தப்பு என்று இடுப்புவரை குனிந்து மன்னிப்புக் கேட்டார். மிட்சுயோ இன்னும் கீழே குனிந்தாள். மேலாளர் தனக்கும் பங்கு உண்டு என்று குனிந்தார். யார் முதலில் நிமிர்வது என்று தெரியாமல் அத்தனை பேரும் குனிந்தபடி இருக்க, தோமிசோ மட்டும் நிமிர்ந்து நின்று பேசினார். மனைவியைப் பார்த்துப் பேசவில்லை. அவளைப் பார்த்து அவரால் அதைச் சொல்லியிருக்கவே முடியாது. ஹோஷிகவாவிடம் சொன்னார்.

"தப்பு இவளோடது இல்ல. உரிமம் வாங்கின மூணாம் மாசம் எங்க வீட்டுத் தூண்ல லேசா உரசிட்டா. நான் திட்டல. இனிமே நானே ஓட்டறேன்னு சாவியை வாங்கி வெச்சுக்கிட்டேன். திட்டியிருந்தாக்கூட மறுநாள் எடுத்து ஓட்டியிருப்பா. அன்னிக்கு அந்தச் சாவியை நான் வாங்கியிருக்கவே கூடாது."

மிட்சுயோ கேட்டுக்கொண்டு நின்றாள். அந்தத் தூணை அவர் மறந்துவிட்டார் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். தனக்கு ஓட்ட வராது என்று அவர் ஒரே நாளில் முடிவு கட்டிவிட்டதாக நினைத்து, அதைத் தானும் நம்பிவிட்டிருந்தாள். நல்ல ஆளய்யா, இதைச் சொல்ல முப்பத்திரண்டு வருடமா என்று உள்ளே கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. எரிச்சலைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது.

மறுபடி மேசைக்கு வந்தார்கள். தோமிசோ வட்டம் போட்ட கேட்டலாக்கை மூடிப் பைக்குள் வைத்தார். குட்டை மூக்கு வண்டியையே எழுதச் சொன்னார். முக்கால் கிலோமீட்டர் என்ன ஆயிற்று என்று மிட்சுயோ சீண்டினாள்.

"தொண்ணூத்தாறு எடுக்கறவளுக்கு எந்த வண்டியும் மைலேஜ் குடுக்கும்," என்றார்.

நிறம் சிவப்பு என்றாள். அதை யாரும் இரண்டாவது முறை கேட்கவில்லை. ஓட்டுநர் பள்ளியில் பத்து வகுப்பு, அதில் பாதி பின்னால் எடுக்க மட்டும் என்று பேசி முடிவானது. பள்ளி வகுப்பு முடிகிற நாளும் வண்டி வருகிற நாளும் ஏறக்குறைய ஒன்றாக விழும், பனி பிறகுதான் என்று ஹோஷிகவா காலண்டரைப் பார்த்துச் சொன்னார்.

கடைசியாக ஒரு படிவம் வந்தது. வண்டியை நிறுத்த இடம் இருக்கிறது என்று காவல் நிலையத்துக்குக் காட்டினால்தான் அங்கே வண்டியைப் பதிய முடியும். வீட்டையும் சாலையையும் வண்டி நிற்கும் இடத்தையும் கையாலேயே வரைந்து கொடுக்க வேண்டும். ஹோஷிகவா பேனாவை வழக்கம்போல் தோமிசோவிடம் நீட்டினார். நேர்கோடு போடுவதில் மாவட்டத்திலேயே அவரை அடிக்க ஆளில்லை. அவர் பேனாவை வாங்கி, படிவத்தைத் திருப்பி, மனைவியின் பக்கம் நகர்த்தினார். வண்டி அவள் பெயரில்தான் இருக்க வேண்டும் என்றார்.

மிட்சுயோ வரைந்தாள். சாலையைப் போட்டாள். வாய்க்காலைப் போட்டாள். வீட்டைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டாள், பக்கத்தில் வண்டிக்கு ஒரு கட்டம். கீழே, வண்டி எந்த முகவரியில் இருக்கும் என்று ஒரு வரி கேட்டது. சென்டாய் முகவரியை எழுதக் கை பழக வேண்டியிருக்குமோ என்று இரண்டு மாதமாகப் பயந்தவள், தன் வீட்டு முகவரியை ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதினாள். தோமிசோ நல்ல கண் பக்கமாகத் தலையைச் சாய்த்து, குனிந்து, அதை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார்.

"சிகுசாவுக்குப் போன் போடு," என்றார். "அந்த ரூமை அவளே வெச்சுக்கட்டும். புது வருஷத்துக்குப் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு அவதான் இங்க வரணும். அம்மா ரயில் ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிட்டுப் போவான்னு சொல்லு."