கோட்டின் மேல் இருந்தவை

ஒரு பெண்ணின் ரத்த அணுக்களை மறுபடி எண்ணச் சொல்லி டாக்டர் என் சீட்டை மூன்றாம் முறையாகத் திருப்பி அனுப்பியதும் எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. அப்போது காஞ்சிபுரத்தில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். மூன்று தடவையும் வெள்ளணுக்கள் மிக அதிகம் என்றே எழுதியிருந்தேன். அது உண்மையானால் அந்தப் பெண்ணை மதராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டுமாம். அவள் கணவர் வேறு என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார்.

“நானும் ஒரு தபா பாக்கட்டா சார்?”

தொல்லை விட்டால் போதுமென்று மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்தேன். ரத்தம் வைக்கும் கண்ணாடித் தகட்டில் சின்னச் சின்னக் கட்டங்கள் கீறியிருக்கும். ஒவ்வொரு கட்டமாக அணுக்களை எண்ண வேண்டும்.

“கோட்டு மேல குந்திக்கினு இருக்குதே சார், அத எந்தக் கட்டத்துல எண்ணுவீங்க?”

“ரெண்டுலயும்தான்!” என்று வள்ளென்று விழுந்தேன்.

“நான் பொடவைக்கு கிராஃப் பேப்பர்ல டிசைன் போடறவன் சார். கோட்ட ரெண்டு பக்கமும் எண்ணுனா மயிலு யானையாட்டம் ஆயிடும்.”

கோட்டில் இருப்பதை ஒரு கட்டத்தில் மட்டுமே சேர்க்க வேண்டுமென்று படிக்கும்போதே சொல்லியிருந்தார்கள். மறுபடி எண்ணினேன்; எண்ணிக்கை சரியான அளவுக்கு இறங்கியது. மதராஸ் தேவைப்படவில்லை.

அவர் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. அதற்குமுன் என் சீட்டை அப்படியே நம்பி வாங்கிப்போன யாருக்கும், என் முதுகுக்குப் பின்னால் நிற்க ஆள் இருக்கவில்லை.