ஜூட்சனின் டும் டும் ரேடியோ

லிந்துலை கடைவீதியில் எனக்கும் ஜூட்சனுக்கும் நடுவில் இருந்தது ஒரு பலகைச் சுவர்தான். இந்தப் பக்கம் என் தையல் கடை, அந்தப் பக்கம் அவனுடைய கொமினிகேஷன், காசு கொடுத்துப் போன் பேசுகிற கடை. நல்ல பலகை என்று நினைத்துவிடாதீர்கள், பழைய தேயிலைப் பெட்டியை உடைத்து அடித்தது. அவன் அங்கே தும்மினால் நான் இங்கே ஊசியைத் தவறவிடுவேன். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவன் நாள் முழுக்க "டும் டும் டும்" என்று ரேடியோ போட்டால் பக்கத்துக் கடைக்காரிக்குப் பைத்தியம் பிடிக்குமா, பிடிக்காதா?

பிடித்தது. என்னைப் பொறுமைசாலி என்று இதுவரை யாரும் சொன்னது கிடையாது. அளவுகோலை எடுத்துப் பலகையில் ஓங்கி அடிப்பேன்.

"டேய் ஜூட்சன், மாவா இடிக்கிற?"

"மன்னிச்சுக்குங்க பவுலினக்கா!" என்று சத்தத்தைக் குறைப்பான். கொஞ்ச நேரத்தில் அது மெதுவாக ஏறிவிடும். மன்னிப்புக் கேட்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. திருந்துவதில்தான் கொஞ்சம் குறை.

அது கொழும்பிலிருந்து வரும் ரேடியோ இல்லை, இன்டர்நெட் ரேடியோ. வடக்கில் சண்டை நின்று வெள்ளைக்காரர்கள் மறுபடி மலைக்கு வரத் தொடங்கியிருந்த நேரம் அது. மழைக்கு ஒதுங்கிய ஒருவன் ஜூட்சனின் கொம்பியூட்டரில் மெயில் பார்க்க உட்கார்ந்தான். தன் நாட்டு ரேடியோ ஒன்றைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மூடாமல் எழும்பிப் போய்விட்டான். ஜூட்சனும் மூடவில்லை. அவ்வளவுதான், அன்றோடு என் நிம்மதி போனது.

அதில் பாடுகிறவர் கிடையாது, பாட்டு வரி கிடையாது. மெஷினில் செய்த மேளம் ஒன்று விடாமல் அடிக்கும். மேலே ஏதோ விசில் சுற்றும். திடீரென்று மேளம் நின்றுவிடும். சத்தம் ஒன்று ஏறிக்கொண்டே போகும். இதோ விழப்போகிறது, இதோ விழப்போகிறது என்று நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது தொம்மென்று எல்லாம் சேர்ந்து விழும். நெட் மந்தமாக இருந்தால் விழுகிற அந்த இடத்தில்தான் சிக்கி நிற்கும். "விழவிட்டுத் தொலைடா!" என்று நானே இந்தப் பக்கத்திலிருந்து கத்தியிருக்கிறேன். வாய் திட்டினாலும் கால் கெட்டுப்போய்விட்டது. தையல் மெஷினை மிதிக்கும்போது பார்த்தால் அந்த மேளத்துக்குத்தான் மிதித்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டேன். "வார்த்தையே இல்லாத இதுல என்னடா கண்ட?"

ஜூட்சன் திரும்பி மூலையிலிருந்த போன் கூண்டைக் காட்டினான். அந்தக் கூண்டுக்குள் நின்று எங்கள் சனம் குவைத்துக்கும் சவூதிக்கும் பேசும். பலகை மெல்லியது என்பதால் எல்லாம் அவன் காதில்தான் விழும்.

"காலையில இருந்து வார்த்தைதானே அக்கா கேக்குறேன். அழுவுறாங்க, கெஞ்சுறாங்க, சமாளிச்சுப் பொய் சொல்றாங்க. இந்த ரேடியோல யாரும் யாரையும் ஒண்ணும் கேக்குறதில்ல."

அதன் பிறகு அளவுகோலால் அடிப்பதைக் கொஞ்சம் குறைத்தேன். முழுக்க விட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

ஜூட்சன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்த பையன். முப்பது தாண்டியும் கலியாணம் ஆகவில்லை. சுவரில் அந்தோனியார் படம், கழுத்தில் மப்ளர், எப்போதும் யாருக்கோ கடன்பட்டவன் மாதிரி ஒரு முகம். அந்தக் காலத்தில் இன்டர்நெட்டும் போனும் ஒரே கம்பியில்தான் வரும். பேச ஆள் வந்தால் ரேடியோவை நிறுத்திவிட்டுப் போனைக் கொடுப்பான், ஆனால் ரேடியோ ஓடும்போது வெளியிலிருந்து போன் எடுக்கிறவர்களுக்கு என்கேஜ் சத்தம்தான் கேட்கும். அதனால் அவன் ஒரு சட்டம் வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு ரேடியோ கிடையாது. வெளிநாட்டில் வீட்டு வேலை செய்கிற எங்கள் பெண்களுக்கு அந்த வீட்டு முதலாளிகள் போன் கொடுக்கிற நேரம் அது. தோட்டத்து ஆட்கள் குளித்து, தலை சீவி, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து அவனுடைய வாங்குப் பலகையில் உட்கார்ந்து காத்திருப்பார்கள்.

அப்படி வருகிறவர்களில் ஒருவர் அழகன். தேயிலையைக் கவ்வாத்து வெட்டுகிற வேலை. அவருடைய மனைவி வீரம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். மகள் ஆர்த்திகாவைத் தவழுகிற வயதில் விட்டுப் போனவள். பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு வீரம்மாவின் போன் வரும். போன மாதம் அவள் ஒரு கேள்வி கேட்டு வைத்திருந்தாள். எக்ரிமென்ட் முடிகிறது, வீட்டுக்கு வரவா, இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்து வைக்கவா? அடுத்த தடவை பதில் சொல்லுங்க என்று வைத்துவிட்டாள்.

அழகனிடம் பதில் தயாராக இருந்தது. "வந்துரு புள்ள" என்று சொல்லப்போவதாக எனக்குச் சொன்னார், ஜூட்சனுக்குச் சொன்னார், பஸ் கண்டக்டருக்கும் சொன்னார். சொல்ல வேண்டியவளுக்கு மட்டும்தான் பாக்கி.

அந்த ஞாயிறு தீபாவளிக்கு முந்தின வாரம். தையல் குவிந்து கிடந்ததால் மாதா கோவில் பூசை முடிந்த கையோடு கடையைத் திறந்தேன். பேய் மழை. அழகன் நேரத்தோடே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் தைத்த தீபாவளிச் சட்டையை ஆர்த்திகாவுக்குப் போட்டுப் பார்த்தேன். ரோஸ் நிறம், சுற்றினால் குடை மாதிரி விரியும். அந்த நேரம் பக்கத்துக் கடையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. ஆளைக் கண்டால் அப்பா பின்னால் ஒளிகிற பிள்ளை அது. மெதுவாக ஜூட்சனின் கடைக்குள் போய் நின்றது. ஒரு தடவை சுற்றிப் பார்த்தது. மேளம் நின்று, சத்தம் ஏறி, தொம்மென்று விழுந்ததும் கையை விரித்துக்கொண்டு ஆடத் தொடங்கிவிட்டது.

ஜூட்சனின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவனுடைய இசையை ஒரு ஆள் ரசித்து அன்றுதான் பார்க்கிறான். "இன்னொண்ணு மாமா" என்றது பிள்ளை. ஸ்பீக்கரை மேசைமேல் தூக்கி வைத்தான். அழகன் கை தட்டினார். நான் வேலையைப் போட்டுவிட்டு வாசலில் நின்று சிரித்தேன். "இன்னொண்ணு மாமா." சாப்பாட்டு நேரம் போனது. வழக்கமாகப் போன் வருகிற நேரமும் போனது. மழையில் வேறு யாரும் வராததால் ஞாபகப்படுத்தவும் ஆள் இல்லை.

கடைசியில் அழகன்தான் சொன்னார். "என்னன்னு தெரியலையே தம்பி, இன்னைக்கு அவளுக்குப் போன் குடுக்கலயோ?"

ஜூட்சன் போனைப் பார்த்தான், கொம்பியூட்டரைப் பார்த்தான். ஓடிப் போய் ரேடியோவை நிறுத்தினான். பிறகு எல்லோரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். விளக்கு வைக்கிற வரை அது அடிக்கவில்லை.

நானாக இருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். குவைத்தில் லைன் பழுது என்று ஒரு பொய் சொன்னால் யாருக்குத் தெரியும்? ஜூட்சனுக்கு அது வரவில்லை.

"அழகண்ணே, அக்கா கட்டாயம் எடுத்துருப்பாங்க. ரேடியோவப் போட்டு லைன நான்தான் புடிச்சு வச்சிருந்தேன்."

அழகன் எழும்பினார். "விடுங்க தம்பி. நானும்தானே கை தட்டிக்கிட்டு இருந்தேன்" என்றார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினார். திட்டியிருந்தால்கூட ஜூட்சனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, ஓங்கி அறையலாம் போலவும் இருந்தது.

அந்த வாரம் முழுக்கப் பக்கத்துக் கடையில் சத்தமே இல்லை. கொம்பியூட்டர் வயரைக் கழற்றி வைத்துவிட்டான். சோற்றைப் போன் பக்கத்திலேயே வைத்துச் சாப்பிட்டான். இவனே போன் எடுத்துச் சொல்லலாம் என்றால் வீரம்மாவின் வீட்டு நம்பர் யாரிடமும் இல்லை. இத்தனை நாள் கேட்ட அமைதி கிடைத்தும் எனக்குத் தையல் ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை பகலில் போன் அடித்தது. வீரம்மாதான். அந்தப் பக்கத்துப் பேச்சை ஜூட்சன் பிறகு சொன்னான், இந்தப் பக்கத்தைப் பலகை வழியாக நானே கேட்டேன். வீட்டுக்காரம்மா தொழுகைக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து ஒளித்து எடுத்திருக்கிறாள். அழகனோ மலையில் கவ்வாத்துக் கத்தியோடு நிற்கிறார். கூட்டிவர நேரம் இல்லை.

"ஞாயித்துக்கெழம பூரா என்கேஜ். நான் வர்றது புடிக்காம போன எடுத்துக் கீழ வச்சிட்டாரோன்னு நெனச்சேன் தம்பி. நாளைக்குக் கையெழுத்து வைக்கச் சொல்றாங்க, வச்சிரப்போறேன்."

"இல்லக்கா! அண்ணன் வரச் சொல்லத்தான் வந்து உக்காந்திருந்தாரு. நான்தான் ரேடியோ போட்டு லைனக் கெடுத்துட்டேன்."

"என்னைய சமாதானப்படுத்த இப்புடிச் சொல்றீங்க."

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கொமினிகேஷன்காரன் என்றால் சமாதானம் சொல்கிறவன் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.

"சத்தியமாக்கா. ஒங்க புள்ள ஆடுனா. ரோஸ் சட்ட போட்டுக்கிட்டுக் கைய விரிச்சு ஆடுனா. அதப் பாத்துக்கிட்டே எல்லாரும் மறந்துட்டோம்."

"என் புள்ளயா? ஆடுனாளா?" என்று கேட்டாள். "என்ன பாட்டுக்கு?"

பாட்டைப் போட்டுக் காட்ட வழி இல்லை. ரேடியோவைப் போட்டால் வீரம்மா அறுந்து போவாள், அதே கம்பி. ஜூட்சன் தொண்டையைச் செருமினான். பிறகு அந்தப் பயந்தாங்கொள்ளிப் பையன், கோவிலில் கூட வாய்க்குள்ளேயே பாடுகிறவன், போனுக்குள் "டும் டும் டும் டும்" என்று வாயால் அடிக்கத் தொடங்கினான்.

நான் யோசிக்கவில்லை. மெஷினில் கோத்திருந்த நூலை அறுத்துவிட்டு வெறும் மெஷினை மிதித்தேன். கடகடவென்று பலகைச் சுவரே ஆடியது. அவன் என்னைக் கேட்டு இன்னும் ஓங்கி அடித்தான். விசிலையும் போட்டான். மேளத்தை நிறுத்தினான், நானும் காலை நிறுத்தினேன். "உய்ய்ய்ய்" என்று ஏற்றிக்கொண்டே போனான், எங்கேயும் சிக்கவில்லை. தொம்மென்று இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தோம்.

வீரம்மா சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது. சிரித்து, அழுது, மூக்கை உறிஞ்சினாள்.

"அவருகிட்ட சொல்லுங்க தம்பி. கையெழுத்து வைக்கல. நான் வர்றேன்."

ஜூட்சன் கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு மலைக்கு ஓடினான். அவன் தெருவில் ஓடி நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

தை பிறந்து, பள்ளிக்கூடச் சட்டைத் தையலில் நான் மூழ்கிக் கிடந்தபோது வீரம்மா வந்தாள். ஜூட்சன் அதற்குள் அலைந்து திரிந்து இரண்டாவது லைன் எடுத்திருந்தான், ரேடியோவுக்கென்று தனியாக. அழகன் முன்னால் வர, வீரம்மா பின்னால் வந்தாள். ஜூட்சனின் கடைக்குள் நானும் போய் நின்றேன், ஆர்த்திகா என் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டது.

"வந்ததுல இருந்து இப்புடித்தான் அக்கா" என்றாள் வீரம்மா. "என்னைய 'அவங்க'ன்றா. 'அவங்க சாப்புட்டாங்களா'ன்னு அவங்க அப்பாகிட்ட கேக்குறா." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண்ணைப் பார்க்க முடியவில்லை.

ஜூட்சன் ஓடிப் போய் ரேடியோவைப் போட்டான். மேளம் அடித்தது, நின்றது, சத்தம் ஏறியது, சரியாக அந்த இடத்தில் சிக்கியது. அவன் கொம்பியூட்டரைத் தட்டினான், கும்பிட்டான், மன்னிப்புக்கூடக் கேட்டான். அசையவில்லை.

வீரம்மா பிள்ளையின் முன்னால் தரையில் குந்தினாள். "உய்ய்ய்ய்" என்று ஏற்றினாள். "டும் டும் டும் டும்" என்று வாயால் அடித்துக்கொண்டு கையை அசைத்தாள். ஜூட்சன் போனில் போட்டதை அப்படியே போட்டாள், அவனுடைய தொண்டைச் செருமலையும் சேர்த்து. ஆர்த்திகா முந்தானையை விலக்கிப் பார்த்தது. முகம் சுளித்தது. இவ்வளவு மோசமாக ஆடுகிறவர்களை அது பார்த்ததில்லை போலும்.

"அம்மா, அப்புடி இல்ல" என்று முன்னால் வந்தது. வீரம்மாவின் இரண்டு கையையும் பிடித்து விரித்தது. "இப்புடி."

நான் என் கடைக்குப் போய், தைக்க வேண்டிய சட்டைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, நூலை அறுத்துவிட்டு மெஷினை மிதிக்கத் தொடங்கினேன்.