சீனி பத்தாத பால்

என் சித்தப்பாவும் சித்தியும் குடியிருந்த வீடுகளை வரிசையாகச் சொல்லச் சொன்னால் அவர்களுக்கே தடுமாறும். ஆரப்பாளையம் முந்தியா, கோச்சடை முந்தியா என்று சித்தப்பா விரலை மடக்குவார். சித்தி மடக்கிய விரலை நிமிர்த்திவிடுவாள். எனக்குத் தடுமாறாது. அத்தனை வீட்டிலும் பால் காய்ச்சிய அன்று நான் இருந்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தின் சார்பில் போய் நின்றவள் நான் ஒருத்திதான். என்னை அனுப்பியவர் அப்பா. ஆனால் அனுப்பியதாக அவர் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை.

எங்கள் ஊருக்குச் சமயநல்லூரில் பஸ்ஸை விட்டு இறங்கி மேற்கே நடந்து போக வேண்டும். அப்பா வயலைப் பார்த்துக்கொண்டார். அவர் தம்பியான சித்தப்பா மதுரையில் ஒரு பஞ்சாலைக்கு வேலைக்குப் போனார். அதே ஆலைக்கு அதே பஸ்ஸில் போனவள் சித்தி. அவள் பிறந்தது கண்மாய்க்கு அந்தப் பக்கம், காலனியில். அவளுடைய அம்மா எங்கள் வயலுக்கு நடவுக்கு வருகிறவர். ஒருநாள் இரண்டு பேரும் ஆலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பதிவு அலுவலகத்துக்குப் போய்க் கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். அப்பா தம்பியைத் திட்டவில்லை, பஸ்ஸைத்தான் திட்டினார். அந்த பஸ்ஸை எவன் இந்தப் பக்கம் விட்டான் என்று வெகுநாள் கேட்டுக்கொண்டிருந்தார். ஊர்ப் பெரியவர்கள் கூடி, சித்தப்பா இனி ஊருக்குள் கால் வைக்கக் கூடாது என்று பேசி முடித்தார்கள். அப்பாவும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஆனாலும் புதுவீட்டில் பால் காய்ச்சும்போது பிறந்த வீட்டு ஆள் ஒருவராவது நிற்க வேண்டும் என்பது அவர் மனசை அரித்திருக்க வேண்டும். சித்தப்பா வீடு மாறப்போகிற சேதி சமயநல்லூர் டீக்கடை வழியாக அவர் காதுக்கு வந்துவிடும். அன்று இரவு சாப்பிடும்போது உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு, “சனிக்கிழமை பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லையில்ல” என்பார். அம்மாவுக்கு அது போதும். மறுநாளே என் பாவாடையைத் துவைத்துப் போட்டுவிடுவாள். பஸ் நிறுத்தத்தில் சித்தப்பா காத்திருப்பார், அம்மா என் கையை அவர் கையில் கொடுப்பாள். என்ன ஏது என்று இருவரும் ரெண்டு வார்த்தை பேசுவார்கள். அப்பாவைப் பற்றி மட்டும் பேச்சே வராது.

முதல் வீடு ஆரப்பாளையத்தில் ஒரு வளவு. ஒரே வாசலுக்குள் வரிசையாக வீடுகள், நடுவில் ஒரு குழாய். அப்போது எனக்கு எட்டு வயது. பால் பொங்கி வழிந்ததும் சித்தி அதில் சீனியைப் போட்டு எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றினாள். வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. நான் திரும்பி வந்தால் சித்தப்பா ஒவ்வொரு முறையும் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

“குடிச்சாகளா?”

“குடிச்சாக.”

சித்தப்பா டம்ளரை வாங்கிக் கவிழ்த்துப் பார்ப்பார். கொடுத்த பாலைக் குடிக்காமல் வேறு என்ன செய்வார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. ஆரப்பாளையத்தில் எல்லாரும் குடித்தார்கள். சில மாதம் கழித்து எங்கள் ஊர் ஆள் ஒருவர் அந்த வளவின் சொந்தக்காரரைத் தேடி வந்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு குழாயடியில் சித்தி வைத்த குடம் வரிசையில் பின்னால் பின்னால் போய்க்கொண்டே இருந்ததாம். வீட்டைக் காலி செய்யும்படி ஆயிற்று. “ஏன் சித்தப்பா மாறுறீங்க?” என்று கேட்டேன். “மூட்டைப்பூச்சித் தொல்லை தாங்கலத்தா” என்றார். எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்புகிற பிள்ளையில்லை நான். கட்டிலைக் கவிழ்த்துப் போட்டு இண்டு இடுக்கெல்லாம் குச்சியால் குத்திப் பார்த்தேன். ஒரு பூச்சிகூட அகப்படவில்லை.

அடுத்தது கோச்சடை. வைகைக் காற்று வரும், பின்னால் தென்னந்தோப்பு. எனக்கு மிகவும் பிடித்த வீடு அது. ஒரு வருஷம்கூடத் தாண்டவில்லை. அங்கே சித்தப்பா கொசுவைக் காரணம் சொன்னார். சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த சித்தி, “என்னைய ஒரு கொசுவும் கடிக்கல” என்று மட்டும் சொன்னாள். இரண்டு பேரில் யார் சொல்வது நிஜம் என்று கண்டுபிடிக்க அன்று சாயங்காலம் தோப்பு ஓரத்தில் கையைக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கடித்தது. ஆனால் எங்கள் ஊரில் கடிப்பதைவிடக் குறைவுதான்.

மூன்றாவது விளாங்குடி. வீட்டுக்காரர் முன்பக்கம், சித்தப்பா பின்பக்கம். நடுவில் ஒரு கிணறு, கிணற்றோரம் ஒரு முருங்கை. வீட்டுக்காரர் அட்வான்ஸை வாங்கிப் போட்ட பிறகுதான் அவர் மனைவி காதுக்கு விஷயம் வந்திருக்கிறது. எனக்கு அதெல்லாம் தெரியாது. பாலை நீட்டினேன். அந்த அம்மாள் கையை நீட்டவில்லை.

“அங்கன வச்சிட்டுப் போ பாப்பா, ஆறட்டும்” என்றார்.

வாசற்படியில் வைத்துவிட்டு வந்தேன். சித்தி அடுத்த டம்ளரை ஊற்றுகிற நேரத்தில் எட்டிப் பார்த்தால், அந்த அம்மாள் டம்ளரை ஒரு துணியால் பிடித்துக் கொண்டுபோய்ப் பாலை முருங்கை மூட்டில் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்ச் சித்தப்பாவிடம் சொன்னேன். “அவங்க முருங்கைக்கு ஊத்துறாங்க சித்தப்பா. பால் ஊத்துனா நல்லாக் காய்க்குமா?”

சித்தப்பா எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். “ஆமாத்தா. நல்லாக் காய்க்கும்.”

அந்த வீட்டில் இன்னொரு அதிசயத்தையும் பார்த்தேன். கிணற்றில் தண்ணீர் இறைக்கச் சித்தியை விடவே மாட்டார்கள். சித்தி குடத்தைத் தள்ளி வைத்துவிட்டு நின்றால் போதும். வீட்டுக்காரம்மாவே கயிற்றை இழுத்து இறைத்து, எட்ட நின்று குடத்தில் ஊற்றுவார். சொந்த வீடும் கழுத்தில் சங்கிலியுமாக இருக்கிற அம்மாள் எங்கள் சித்திக்குத் தண்ணீர் இறைத்து ஊற்றுகிறாரே என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக எங்கள் வீட்டு முருங்கைக்கு ஒரு செம்புப் பாலை ஊற்றி, அம்மாவிடம் முதுகில் வாங்கினேன். அடிக்குப் பயந்து விளாங்குடிக் கதை முழுவதையும் ஒப்பித்தேன்.

“சித்தியக் கயித்தத் தொடக்கூட விடமாட்டாங்கம்மா. அம்புட்டு மரியாதை.”

ஓங்கிய அம்மாவின் கை அப்படியே இறங்கிவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா பாதியில் எழுந்து, மாட்டைப் பார்க்கிறேன் என்று தொழுவத்துக்குப் போனார். மாட்டைப் பார்த்துவிட்டுத்தான் அவர் சாப்பிடவே உட்கார்ந்திருந்தார்.

விளாங்குடியிலிருந்து சாமான் கட்டுகிற அன்று நான் மறுபடி அங்கே இருந்தேன். சித்தப்பா காரணம் எதையோ சொல்ல வாயெடுத்தார். சமையலறை மூலை சரியில்லை என்பது போல ஏதோ. சித்தி பானையைக் கீழே வைத்தாள்.

“பிள்ளைகிட்டயும் எதுக்குப் பொய்யி? எம்புட்டு நாளைக்கு இப்படிச் சட்டி பானையத் தூக்கிட்டுத் திரியிறது?” என்றாள். “இனி சொல்லிட்டு உள்ள போவோம். வேணாம்னா வாசல்லயே திரும்பிருவோம்.”

“சொன்னா எவன் வீடு தருவான்?”

“நம்மளத் தெரிஞ்ச ஊருக்கே போவோம். அங்க புதுசா யாரு வந்து என்னத்தச் சொல்லப் போறாக?”

சித்தப்பா கயிற்றை முடிச்சுப் போடாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அவருக்குப் பயம் என்பது எனக்குக்கூடத் தெரிந்தது. எதைக் கண்டு பயம் என்பதுதான் பிடிபடவில்லை.

அப்படித்தான் அவர்கள் சமயநல்லூருக்கே வந்தார்கள். எங்கள் ஊருக்குப் போகிற பாதை பிரிகிற இடத்துக்குப் பக்கத்தில், மெயின் ரோட்டை ஒட்டி ஒரு ஓட்டு வீடு. வீட்டுக்காரர் திண்டுக்கல்லில் இருந்தார், வாடகை வந்தால் சரி என்கிற மனிதர். சித்தப்பா அன்று சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். பால் பொங்கியது. சித்தி டம்ளரை என் கையில் கொடுக்காமல் முதலில் என்னை எதிரே நிறுத்தி, சொல்ல வேண்டியதைச் சொல்லிக் கொடுத்தாள். இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வைத்தாள். பிறகுதான் டம்ளரைத் தந்தாள்.

பக்கத்து வீட்டில் ஒரு லாரி டிரைவரின் மனைவி இருந்தாள். தேனிப் பக்கத்துக்காரி, ஆள் வாட்டசாட்டம். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிப்பதைப் போல நான் ஒரே மூச்சில் சொன்னேன். “பக்கத்து வீட்டுக்குப் புதுசாக் குடி வந்திருக்கோம். எங்க சித்தி காலனியில பொறந்தவுக. பால் குடுத்துவிட்டாக.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். முறத்தை இறக்கி வைத்தாள். டம்ளரை வாங்கி, அண்ணாந்து ஊற்றாமல் வாய் வைத்து ஒரு மடக்குக் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

“என்னடி இது, உங்க சித்தி சீனிய எண்ணியா போட்டா? பத்தவே இல்ல.”

சொல்லிவிட்டு மீதியையும் குடித்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை வீட்டில் பால் கொடுத்திருக்கிறேன், குறை சொன்னவர் ஒருவரும் இல்லை. விறுவிறுவென்று திரும்பி வந்து, சித்தப்பா கேட்கும் முன்னாலேயே புகார் சொன்னேன். “முழுசும் குடிச்சிட்டு, சீனி பத்தலைங்குது சித்தப்பா.”

“என்ன சொன்னா?”

“சீனி பத்தலையாம்.”

சித்தி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. சித்தப்பா எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார். குறை சொன்னதற்கு இவர்களுக்கு ஏன் இத்தனை சந்தோஷம் என்று நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தேனிக்காரி கொஞ்ச நேரத்தில் தன் வீட்டுச் சீனி டப்பாவோடு வந்து நின்றாள். மிச்சமிருந்த பாலையும் அவளே குடித்துத் தீர்த்தாள்.

அன்று நான் வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னை ஏறிட்டுப் பார்க்காமலே கேட்டார்.

“பக்கத்து வீட்டுக்குப் பால் குடுத்தியா?”

“குடுத்தேன்.”

“குடிச்சாகளா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சித்தப்பாவின் கேள்வி எழுத்துப் பிசகாமல் அப்பா வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. சீனி விஷயத்தைச் சொன்னேன். அப்பா மறுபடி ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார். அவர் முகத்தில் வந்த சிரிப்பும் சித்தப்பாவுடையதைப் போலவே இருந்தது.

மறுநாள் காலையில் என்னைச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துச் சமயநல்லூருக்குக் கூட்டிப் போனார். கடையில் சீனி ஒரு பொட்டலம் வாங்கினார். சித்தப்பா வீட்டுக்கு எதிரே, ரோட்டுக்கு இந்தப் பக்கம் வாய்க்கால் பாலத்தில் சைக்கிளை நிறுத்தினார்.

“கொண்டு போய்க் குடுத்துட்டு வா.”

“நீங்க வரலையாப்பா?”

“நான் இங்கனயே நிக்கிறேன்.”

பொட்டலத்தைப் பார்த்ததும் சித்தப்பா வாசலுக்கு வந்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் தம்பி. நடுவில் ஒரு திண்டுக்கல் பஸ் போனது. பஸ் போன பிறகும் இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். சித்தி பொட்டலத்தைப் பிரித்து, பாலைச் சுட வைத்து, அந்தச் சீனியையே அள்ளிப் போட்டு ஆற்றினாள். சிந்தாமல் கொண்டு போ என்று என்னிடம் கொடுத்தாள்.

அப்பாவிடம் நீட்டினேன். அவர் டம்ளரைப் பார்த்தார், எதிர் வாசலைப் பார்த்தார், பிறகு ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். எங்கள் ஊர்க்காரர்கள் வருகிற பாதை அது.

“அங்கன வச்சிட்டுப் போ. ஆறட்டும்” என்றார்.

பாலத்துச் சுவரில் வைத்துவிட்டு நான் சித்தியிடம் ஓடினேன். எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றி வைத்திருந்தாள். குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது அப்பா சைக்கிளில் ஒரு கால் ஊன்றி நின்றார். சுவரில் இருந்த டம்ளர் காலியாக இருந்தது. எடுத்துப் போய்ச் சித்தப்பாவிடம் நீட்டினேன். அவர் வழக்கம்போல் கவிழ்த்துப் பார்த்தார்.

“குடிச்சாகளா?”

“குடிச்சிட்டாக” என்றேன்.

அதற்குப் பிறகு அவர்கள் அந்த வீட்டை விட்டு மாறவே இல்லை. அண்ணன் தம்பி வீட்டுப் பாலைக் குடித்தார் என்று சித்தப்பா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். யாராவது சந்தேகப்பட்டால் சாட்சிக்கு என்னைத்தான் கூப்பிடுவார். நானும் ஆமாம் என்கிறேன். பாலத்தை ஒட்டி மண் ஈரமாக இருந்ததா என்று எட்டிப் பார்க்க அன்று எனக்குத் தோன்றவில்லை.