இடதுகைத் துவக்கு

கனிந்து கறுத்துப்போன கப்பல் வாழைப்பழத்தோடு மண்ணெண்ணெய் கலந்தால் எப்படி மணக்குமோ, அப்படி ஒரு மணம். போன கிழமை எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ்ப் பகுதிக்குத் துணி தோய்க்கப் போயிருந்தேன். சாமான் அறைகளில் ஒன்றின் கதவு அரைவாசி திறந்திருந்தது. உள்ளே யாரோ துவக்குத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஆளைக் காணவில்லை, மணம்தான் வந்தது. துப்பாக்கிக் குழலுக்குள் விட்டுத் துடைக்கிற திரவத்தின் மணம். ஈரத் துணிக் கூடையைப் பிடித்தபடி நின்றேன். உலர்த்தும் இயந்திரங்கள் சுழன்றன. கண்ணாடிக்குள் யாருடையவோ நீலச் சட்டை எழுந்து விழுந்து எழுந்தது. நான் அங்கே இல்லை. புவாண்ட்-கிளேரில், ஏரியைப் பார்த்த ஒரு குசினியில், மேசையில் விரித்த சாம்பல் நிறக் கம்பளிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனவர் அண்ணை. கூடப் பிறந்தவர் இல்லை. கியூபெக்கின் கோட்-டெ-நெய்ஜில் எனக்கு மேல்மாடியில் குடியிருந்தவர், டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிறவர். இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த ஆண்டுகள் எனக்கு இருப்புக் கொள்ளாத காலம். ஒரு வேலையில் நிற்க மாட்டேன், ஒரு பாதையால் இரண்டு தரம் நடக்க மாட்டேன். யார் எங்கே கூப்பிட்டாலும் சப்பாத்தை மாட்டிக்கொண்டு புறப்படுவேன். பிரான்சில் சில காலம் இருந்துவிட்டு வந்ததால் பிரெஞ்சு வரும். அண்ணைக்கு அதுதான் தேவை.

அவருக்கு ஒரு வேட்டைத் துவக்கு வேண்டியிருந்தது. பழையது, மலிவானது, நல்லது.

கேட்டவுடன் நான் சிரித்தேன். எங்கள் இருவருக்கும் ஊரில் துவக்கு என்பது எப்போதும் இன்னொருவன் கையில் இருந்த சாமான். அதன் வாய்ப்பக்கத்தைத்தான் கண்டிருக்கிறோம், பிடிப்பக்கம் எப்படியிருக்கும் என்று தெரியாது. அண்ணை சிரிக்கவில்லை. அவரோடு பெட்டி தூக்குகிற கியூபெக்காரர்கள் ஒவ்வொரு இலையுதிர்காலமும் வடக்கே காட்டுக்குள் ஒரு மரவீட்டுக்குப் போய் மான் வேட்டையாடுவார்கள். திரும்பி வந்து பனி கரையும் வரைக்கும் அதையே கதைப்பார்கள். அந்த வருடம் முதல்தரமாக அவரையும் கூப்பிட்டிருந்தார்கள். ஆனால் எதற்கு? சாப்பாட்டு வேளையில் அவர் கொண்டுபோகும் ஆட்டிறைச்சிக் கறியின் ருசி அவர்களுக்குப் பிடிபட்டுவிட்டது. நீ வந்து சமை, நாங்கள் சுட்டுக்கொண்டு வருகிறோம் என்று முதுகில் தட்டியிருக்கிறார்கள்.

“நான் அங்கை கோக்கியாப் போகேலாது தம்பி,” என்றார். “போனா வேட்டைக்காரனாப் போகவேணும். இல்லாட்டிப் போகாமலே விடுவன்.”

வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, உரிமமும் எடுத்துவிட்டார். இரும்பு அலுமாரி ஒன்று வாங்கினார். மனைவி அதைச் சுற்றி ஒரு தரம் நடந்து பார்த்துவிட்டு, சாவி தன்னிடம் இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாராம். எல்லாம் சரி. துவக்குத்தான் இல்லை. ஏனென்றால் அண்ணை இடதுகைக்காரர்.

பார்த்தால் தெரியாது. சின்ன வயதில் இடதுகையால் சோற்றைத் தொட்டதற்கும் எழுதியதற்கும் வாங்கிய அடியில், சாப்பாடும் எழுத்தும் வலக்கைக்கு வந்துவிட்டன. ஆட்களுக்கு எதையும் நீட்டுவதும் வலக்கையால்தான். ஆனால் எறிவது, பிடிப்பது, ஆணி அடிப்பது எல்லாம் இடக்கை. சுடுவதும் இடக்கைதான் என்பதைப் பயிற்சித் திடலில் கண்டுபிடித்தார். சாதாரணத் துவக்கில், சுட்ட தோட்டாவின் வெறுங்கோதை வெளியே இழுக்கிற பிடி வலப்பக்கம் இருக்கும். இடந்தோளில் வைத்துச் சுடுகிறவன் ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் கையைக் குழலுக்கு மேலால் வளைத்து மறுபக்கம் கொண்டுபோக வேண்டும். அண்ணை அப்படி வளைப்பதைப் பார்த்து, நீ என்ன வயலின் வாசிக்கிறாயா என்று கூட்டாளிகள் கேட்டார்களாம்.

அவரோடு அலைந்ததில் பழைய துவக்கு வாங்குகிற சூட்சுமங்கள் எனக்கும் படிந்தன. கட்டையைப் பார்த்து மயங்கக் கூடாது. மரம் கீறியிருந்தால் விலை விழும், ஆனால் குறி கெடாது. குழலின் உள்ளே பளிங்காக இருக்கிறதா என்பதுதான் விஷயம். வசந்தத்தில் வாங்க வேண்டும். அப்போது வேட்டையை விட்டவர்கள் வீட்டை ஒதுக்குவார்கள். செப்டெம்பரில் போனால் தோலை உரிப்பார்கள். தோட்டா அருகிப்போன பழைய ரகத்தை இனாமாகத் தந்தாலும் தொடக் கூடாது. கடையில் கேட்பதை விட, கிராமப்புற தெப்பனர்களின் பலகையில் குத்தியிருக்கும் கடதாசித் துண்டுகளைப் பார்க்க வேண்டும். பாலும் பியரும் வாங்குகிற சின்னக் கடைதானே, வயதானவர்கள் அங்கேதான் விளம்பரம் குத்துவார்கள். சனிக்கிழமைகளில் அவருடைய வான் வண்டியில் ஏறிச் சோளவயல்களுக்கு நடுவால் போவோம். பலகை பலகையாக நின்று வாசிப்பேன். பூனைக்குட்டி, பனிவாரி இயந்திரம், தொலைந்த காதணி. ஊர்களின் பெயர்கள் எல்லாம் புனிதர்களின் பெயர்களாகவே இருந்தன. அந்தப் பாதைகளில் எனக்கு எதையும் வாங்க வேண்டியிருக்கவில்லை. வானத்தின் அடியில் ஓடிக்கொண்டே இருந்தால் போதும் என்றிருந்தது.

கடைசியில் நாங்கள் தேடிய விளம்பரம் டோர்வலிலேயே, அவர் வேலை முடிந்து கோப்பி வாங்குகிற கடையில் இருந்தது. வேட்டைத் துவக்கு, இடதுகை, கணவருடையது. கீழே ஒரு தொலைபேசி எண். நான்தான் அழைத்தேன். விலையைக் கேட்டு, பிழையாக விளங்கிவிட்டதோ என்று இன்னொரு தரம் கேட்டேன். புதிதாக வாங்கினால் போகிற விலையில் காற்பங்குகூட இல்லை. அதுவும் செப்டெம்பர் மாதத்தில்.

வானில் போகும்போது அண்ணை எனக்குப் பாடம் சொன்னார். ஆசையைக் காட்டக் கூடாது. குறைதான் சொல்ல வேண்டும். கடைசியில் எழும்பி நடக்க வேண்டும், அவள் கூப்பிடுவாள், கூப்பிட்டவுடன் திரும்பக் கூடாது. எங்கள் ஊர்ச் சந்தைகளில் மீன் வாங்கிய, புடவை வாங்கிய யாருக்கும் தெரிந்த நாடகம் அது. விற்கிறவளும் வாங்குகிறவனும் தங்கள் தங்கள் வசனத்தைச் சொல்லுவார்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

கதவைத் திறந்தவர் எழுபது வயது மதிக்கத்தக்க நெடிய அம்மா. போன்ஷூர் என்று கைகொடுத்தார். அண்ணை வலக்கையைக் கொடுத்தார். குசினிக்குள் நுழைந்தவுடன் அந்த மணம் வந்தது. எங்களுக்காகக் காலையில் துடைத்து வைத்திருக்கிறார். யன்னலுக்கு வெளியே ஏரி, வேலையில்லாத ஆள் போல வெயிலில் கிடந்தது. கம்பளியில் துவக்கு. அதன் கட்டை வால்நட் மரம், நிறைய நாள் தொட்ட கதிரைக் கைபோல மினுங்கியது.

அண்ணை அதன் பிடியை இழுத்துக் கழற்றினார். குழலைத் தூக்கி யன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னிடம் தந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். இருட்டான வட்டத்தின் கடைசியில் ஏரி இருந்தது. ஏரியின் வெளிச்சம் குழலின் வரிகளில் ஏறி, சுற்றிச் சுற்றி, என் கண்வரை வழிந்து வந்தது. அவ்வளவு துப்புரவான ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததாக ஞாபகமில்லை. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேனோ, அண்ணை என் முழங்கையில் இடித்தார்.

நாடகம் தொடங்கியது. கட்டையில் கீறல் இருக்கிறது என்றார் அண்ணை. சொன்னேன். படகு கவிழ்ந்த வருடம் பட்டது என்றார் அந்த அம்மா, அமைதியாக. தோல்வார் பழசு என்றார் அண்ணை. அதையும் சொன்னேன். ஓம், பழசுதான் என்று அவரும் தலையசைத்தார். பிறகு அண்ணை உதட்டைப் பிதுக்கி, இடக்கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்:

“இடக்கைத் துவக்கு ஆருக்கு உதவும்? இதை ஒருத்தரும் எடுக்காயினம் எண்டு சொல்லு. அரைவாசிக்குத் தந்தா, பாவம் பாத்து எடுக்கிறம் எண்டு சொல்லு.”

நான் பாவத்தை விட்டுவிட்டு மிச்சத்தைச் சொன்னேன். அதற்கும் தேவையிருக்கவில்லை. உதடு பிதுங்கியதை அந்த அம்மா பார்த்துவிட்டார். கம்பளியின் நாலு நுனிகளையும் எடுத்துத் துவக்கின் மேல் மடித்தார், குளிரும் என்பது போல. விலை அதுதான் என்றார். அண்ணை பெருமூச்சு விட்டு எழும்பினார். வாசல்வரை மெதுவாக நடந்தார். சப்பாத்து நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினார். அந்த அம்மா கதவைத் திறந்து, நல்ல நாளாக அமையட்டும் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு மூடினார். பூட்டுச் சத்தம் கேட்டது.

“கூப்பிடுவா,” என்றார் அண்ணை.

வானில் ஏறிச் சாவியைத் திருகாமல் இருந்தோம். மேப்பிள் மரத்தில் ஒரு கிளை மட்டும் முந்திச் சிவந்திருந்தது. அண்ணை பக்கக் கண்ணாடியில் கதவைப் பார்த்தபடியே இருந்தார். ஒரு தரம் கதவு திறந்தது. அவர் நிமிர்ந்து, பார்க்காதது போல முகத்தைத் திருப்பினார். அந்த அம்மா படியில் கிடந்த பத்திரிகையைக் குனிந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணையின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. கண்ணாடிக்குள் பார்த்தபடி அவர் கேட்டார், குழந்தை கேட்பது போல:

“இவையள் கூப்பிட மாட்டினமோ?”

மாட்டார்கள் என்றேன். இங்கே எழும்பிப் போனால் போனதுதான். அந்த அம்மா சொன்ன விலை கேட்கிற விலையில்லை, விற்கிற விலை. அண்ணை ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். மரவீட்டின் அடுப்படியும் பெரிய சட்டியும் அவர் கண்ணுக்குள் வந்திருக்க வேண்டும். காட்டுக்குள்ளிருந்து வெடிச்சத்தம் கேட்க, உள்ளே நின்று வெங்காயம் வெட்டுகிற ஒருவன். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து, சட்டைக் கழுத்தைச் சரிசெய்து, இறங்கினார். நான் பின்னால் போனேன். மணியை அவரே அடித்தார். நான் வாய் திறக்க முதல், தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், இடக்கையை மார்புவரை உயர்த்தி, மதாம், நான் இடது என்றார்.

அந்த அம்மா நம்பவில்லை. கைகொடுத்தது வலது, பிடியைக் கழற்றியதும் வலது என்று என்னிடம் சொன்னார். இப்போது வேண்டும் என்பதற்காக இடது என்கிறாரா? நான் அடியையும் சோற்றையும் விளங்கப்படுத்த முயன்றேன், அதற்குள் அவர் குசினிக்குத் திரும்பிவிட்டார். நாங்கள் வாசலிலேயே நின்றோம். அவர் மேசைக் கூடையிலிருந்து ஒரு அப்பிளை எடுத்தார், திரும்பினார், அண்ணையை நோக்கி எறிந்தார்.

அந்த அப்பிள் இன்னும் என் நினைவுக்குள் வந்துகொண்டிருக்கிறது. நடையின் மங்கலுக்குள்ளால், சுவரில் தொங்கிய மழைக்கோட்டைத் தாண்டி, மெதுவாக உருண்டு, ஒரு பக்கம் சிவப்பும் ஒரு பக்கம் பச்சையுமாக. அண்ணையின் இடக்கை யாரையும் கேட்காமல் எழுந்து அதைப் பிடித்தது.

“உள்ளே வரச் சொல்லு,” என்றார் அந்த அம்மா.

கம்பளி மறுபடி விரிந்தது. அண்ணை துவக்கைத் தூக்கி, ஏரியைப் பார்த்துத் தோளில் வைத்தார். பிடி அவருடைய கைக்குள் தானாக வந்து விழுந்தது. இழுத்தார், தள்ளினார். கையை வளைக்கவில்லை, எட்டிப் பிடிக்கவில்லை. வயலினும் இல்லை. அந்த அம்மா சுவரில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். தன் கணவர் இதைச் சொல்லி வைத்து, கடையில் காத்திருந்து எடுத்தவர் என்றார். பலர் அழைத்தார்களாம், இடது என்றதும் வைத்துவிட்டார்களாம். அதனால்தான் அவ்வளவு குறைத்துப் போட்டேன், இனிக் குறைக்க அதில் என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்டார். அண்ணைக்கு விளங்கிவிட்டது. காசை வைத்தார், கேட்ட விலைதான். தான் வாங்கியதில் இதைப் போல மலிவு எதுவுமில்லை என்று பிறகு வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த நாளில் துவக்கை வாங்கியவரின் பெயருக்கு மாற்ற அரசாங்கத்துக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும். எடுத்தோம். வரிசையில் நிற்கிறீர்கள் என்று சொல்லி வாத்திய இசை ஒன்றைப் போட்டுவிட்டார்கள். அந்த அம்மா ஒலிபெருக்கியை அமுக்கிவிட்டுக் கோப்பி ஊற்றினார். மூன்று பேரும் மேசையைச் சுற்றி இருந்தோம். இசை போய்க்கொண்டே இருந்தது. ஏரியில் ஒரு பாய்மரப் படகு, நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாமல். அண்ணை அப்பிளை வெட்டி மூவருக்கும் வைத்தார். நாங்கள் ஏன் வானுக்குள் அவ்வளவு நேரம் இருந்தோம் என்று அந்த அம்மா கேட்டார். நான் எங்கள் சந்தையைச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார், பிறகு யோசித்தார். அப்படியென்றால் போகிறவர்களைக் கூப்பிட்டே ஆக வேண்டுமா, அது களைப்பாக இருக்காதா என்றார். அலுவலகக் குரல் வந்து, எண்களைக் கேட்டு, சரி என்றது.

வான்வரைக்கும் அவர் கூட வந்தார். அண்ணை கம்பளியோடு துவக்கைப் பின்னால் கிடத்தினார். கம்பளியைத் திருப்பிக் கொடுக்கப் போக, அந்த அம்மா வேண்டாம் என்று கையை அசைத்தார். அண்ணைக்கு அதை வெறுமனே எடுக்க மனமில்லை. மான் விழுந்தால் ஈரலைக் கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். நான் ஏறி யன்னலை இறக்கினேன். அந்த அம்மா குனிந்து, என்னைத் தாண்டி அண்ணையைப் பார்த்தார்.

“சவ்வை உரித்துவிட்டுக் கொண்டுவரச் சொல்லு. உரிக்காமல் கொண்டுவந்தால் அது பூனைக்குத்தான்.”