கருப்பட்டிச் சட்டி

நேற்று எங்கள் வீட்டுக்கு வளர வந்த சிறுமியின் பாயில் எறும்பு ஊர்ந்தது. குனிந்தபோது கருப்பட்டி வாசனை அடித்தது.

வாந்திபேதியில் என் அப்பனும் அம்மையும் போனபின், ஸ்ரீவைகுண்டத்திலிருந்து என்னை மாட்டுவண்டியில் கொண்டுவந்து, பாளையங்கோட்டையில் ஒரு வாத்தியார் வீட்டில் விட்டார்கள். அப்போது எனக்கு ஆறு வயது. நாளைக்கும் சோறு போடுவார்களா என்று தெரியாமல், தின்னக் கொடுத்த கருப்பட்டியையெல்லாம் பாய்க்கடியில் ஒளித்தேன். எறும்பு காட்டிக்கொடுத்தது. அடி விழும் என்று சுவரோடு ஒட்டி நின்றேன். வாத்தியாரின் மனைவியோ தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு மண்சட்டியை வைத்து, கருப்பட்டியை அதில் போட்டாள்.

"ஏட்டி, இது உன் சட்டி. இங்கன வச்சா எறும்பு அண்டாது. நாங்களும் தொட மாட்டோம்."

தினமும் திறந்து பார்ப்பேன். ஒரு துண்டும் குறைந்ததில்லை. ஒருநாள் பார்க்கவே மறந்துபோனேன். அவளை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

சிறுமி சுவரோடு ஒட்டி நிற்கிறாள். நான் சட்டி எடுக்கப் போகிறேன்.