தலைக்கட்டில் இல்லாதவர்கள்

அன்று காலை படகுகள் கிளம்பிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஃபைபர் படகின் எஞ்சினைக் கயிறு சுற்றி இழுக்கும்போது முதலில் இருமல் மாதிரி ஒரு சத்தம் வரும், பிறகு விடாத கத்தல். ஒன்று, இன்னொன்று என்று கரை முழுக்கக் கத்தியபடி எல்லாப் படகும் கடலுக்குள் போயின. நான் அக்கா வீட்டு வாசலில் நின்றிருந்தேன். உள்ளே அவளுடைய அப்பாவின் உடல் கிடந்தது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த மீனவக் குப்பத்தில் ஒரு சாவு விழுந்துவிட்டால் அன்றைக்கு ஒருத்தரும் கடலுக்குப் போகக்கூடாது. செத்தவர் ஜென்மப் பகையாளியாக இருந்தாலும் சரி, வலை கரையிலேயே கிடக்கும். அந்த ஊரில் நான் பார்த்தவரை யாரும் மீறாத கட்டுப்பாடு அது. அன்று ஊரே கடலுக்குப் போனது. அந்த வீட்டில் நடந்தது சாவே இல்லை என்று சொல்ல அவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடைத்திருக்காது. அக்கா அழவில்லை. சத்தம் தூரத்தில் தேயும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, "யார் யாரு போறாங்கன்னு பாத்தியா?" என்று கேட்டாள். எல்லாரும்தான் என்றேன். சரி என்று எழுந்து அப்பாவின் முகத்தைத் துடைக்கப் போனாள்.

அக்கா என்று நான் சொல்வது உறவுமுறையில் இல்லை. நான் மேல்பட்டாம்பாக்கத்துக்காரி. கடலூரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் அறிக்கை தட்டச்சு செய்யும் வேலையில் இருந்தேன். கிராமம் கிராமமாகப் போய், தரையில் சார்ட் பேப்பரை விரித்து, 'மக்கள் பங்கேற்பு' என்று கொட்டை எழுத்தில் எழுதி, டீயும் பிஸ்கட்டும் கொடுத்துவிட்டு வருவோம். அந்தக் குப்பத்தில் காலேஜ் வரைக்கும் போன ஒரே பெண் அவள்தான். தினமும் சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் போய்வந்து பட்டம் வாங்கியிருந்தாள். எங்கள் கூட்டத்துக்குச் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவளை இயக்குநர் பிடித்து, ஊர் ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு பட்டத்தைக் கொடுத்துவிட்டார். சம்பளம் கிடையாது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள் என்பதால் நான் அக்கா என்றேன். அம்மா இல்லாதவள். பக்கத்து வீட்டில் இருந்த சித்திதான், அம்மாவின் தங்கை, அவளுக்குத் தலை வாரி, சோறு போட்டு வளர்த்தவள். சித்தப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதவர். சித்தி கூடையில் மீன் சுமந்து விற்றுப் பிழைத்தாள்.

அந்த ஊருக்கு என்ன வந்தாலும், அரசாங்கம் கொடுத்தாலும் கோடீஸ்வரன் கொடுத்தாலும், மாரியம்மன் கோயில் முன்னால் இறக்கித் தலைக்கட்டுக்குத் தலைக்கட்டு சமமாகப் பிரிப்பார்கள். கல்யாணமான ஆண் இருக்கும் குடும்பம் ஒரு தலைக்கட்டு. படகு இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும், காலொடிந்து வீட்டில் கிடப்பவனுக்கும் ஒரே பங்கு. யாரும் பட்டினி கிடக்க விடாத ஊர் அது, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் புருஷன் செத்ததும் தலைக்கட்டும் போய்விடும். கல்யாணமான மகன் இருந்தால் அவன் பங்கில் ஒட்டிக்கொள்ளலாம். பிள்ளை இல்லாத கைம்பெண் அந்த ஊரில் இருந்தாள், ஆனால் கணக்கில் இல்லை.

ஒரு வருஷம் புயல் அடித்துப் பாதிக் கூரைகள் பறந்தன. எங்கள் நிறுவனம் தார்ப்பாய் கொடுப்பதாகச் சொன்னது. கோயில் முன்னால் கூட்டம். ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். ஊர்த்தலைவரை அங்கே நாட்டார் என்பார்கள். அக்கா அவரைச் சின்ன வயதிலிருந்து மாமா என்று கூப்பிட்டு வளர்ந்தவள். பின்னாலிருந்தபடியே குரல் கொடுத்தாள்.

"எங்க சித்தி வூட்டு மேல மட்டும் காத்து அடிக்கலையா மாமா?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. நாட்டார் கோபப்படவில்லை. "அடிச்சிதும்மா. ஆனா பங்குன்னு வந்தா தலக்கட்டுதான். உங்க சித்திக்கு ஆம்பள இல்ல. இது நான் போட்ட விதியும் இல்ல, எங்கப்பன் போட்டதும் இல்ல" என்றார். சாதம் வேகவில்லை என்று சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

அக்கா விடவில்லை. எங்கள் இயக்குநரிடம் வந்து வாதாடினாள். அவருக்கும் அந்த வாரம் புத்தகத்தில் எதையோ படித்த சூடு இருந்தது போலும், சரி என்றார். தார்ப்பாய் லாரி ஊருக்குள் போகவில்லை. மெயின் ரோட்டில், ஊர் வளைவுக்கு வெளியே நிறுத்தி, கைம்பெண்களை மட்டும் வரவழைத்து நேரே அவர்கள் கையில் கொடுத்தோம். மற்ற வீடுகளுக்கு அடுத்த நாள் வழக்கம்போலக் கோயிலுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. யாருடைய பங்கையும் குறைக்கவில்லை, அதனால் யாருக்கும் வருத்தம் இருக்காது என்று நாங்கள் நினைத்தோம். எவ்வளவு குறைந்தது என்பது அங்கே பிரச்சினையே இல்லை. ஊருக்கு வந்த பொருள் கோயில் வாசலைத் தொடாமல் ஒரு வீட்டுக்குள் போய்விட்டது, அதுதான் குற்றம். அந்த ஊரில் பிறந்த அக்காவுக்கு இது தெரியாதா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். தெரியும். சித்தி வீட்டுக்குள் மழை பெய்துகொண்டிருந்ததில் அவளுக்கு அது மறந்துபோயிருந்தது.

சாயங்காலம் தண்டோரா போட்டார்கள். வெளியில் வாங்கிய பொருளைக் கோயில் முன்னால் வைக்காதவர்கள் ஊருக்கு ஆகாதவர்கள். பொழுது சாய்வதற்குள் தார்ப்பாய்கள் மடிப்புக் கலையாமல் திரும்பி வந்து குவிந்தன. முதலில் கொண்டுவந்து வைத்தது சித்தி. வைத்ததோடு போகவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாது, எங்கக்கா பொண்ணுதான் வாங்கிக்கச் சொல்லுச்சி" என்று கையைக் கூப்பினாள். அதோடு எல்லாக் கைம்பெண்களும் நல்லவர்கள் ஆகிவிட்டார்கள். மிச்சம் இருந்தது அக்கா வீடு ஒன்றுதான்.

ஊர் கூடும்போது விழுந்து கும்பிட்டு மன்னிப்புக் கேட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். அவள் முடியாது என்றாள். அன்றிலிருந்து அந்த வீட்டை ஒதுக்கி வைத்தார்கள். மளிகைக் கடையில் சாமான் கிடையாது. குழாயடியில் இவள் குடத்தை வைத்தால் மற்றக் குடங்கள் நகர்ந்துவிடும். அவளுடைய அப்பாவை எந்தப் படகிலும் ஏற்றவில்லை. முப்பது வருஷம் கடலுக்குப் போனவர் கரையில் உட்கார்ந்து, நன்றாக இருந்த வலையையே அறுத்துப் பின்னிக்கொண்டிருந்தார். நான் போனபோது ஒருமுறை, "நான் ஒருத்தன் போயி உழுந்துட்டு வந்துர்றேம்மா, எனக்கு ஒண்ணும் கௌரவம் கொறஞ்சிடாது, நீ இத்தச் சொல்லும்மா அதுகிட்ட" என்றார். அக்கா உள்ளேயிருந்து, "நீ உழுந்தா நான் கடல்ல உழுந்துருவேன்" என்றாள். அவர் மறுபடி வலையைக் கையில் எடுத்துக்கொண்டார். சித்தி அவர்கள் வீட்டுச் சுவரை ஒட்டித்தான் நடந்து போவாள், முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு.

எங்கள் நிறுவனமாவது அவள் பக்கம் நிற்கும் என்று நினைத்தேன். இயக்குநர் அவளைக் கடலூர் ஆபீசுக்குக் கூப்பிட்டு, மின்விசிறியைக் கூட்டி வைத்து, காபி வரவழைத்துக் கொடுத்தார். "எமோஷனல் ஆவாதம்மா. ஊரைப் பகைச்சிக்கிட்டா நாம அங்க எப்படி வேலை செய்யறது? அடுத்த திட்டம் நாட்டார் ஒத்துழைப்பு இல்லாம நடக்காது. ஒரு தடவை விழுந்து எந்திரிக்கிறதுல என்ன?" என்றார். லாரியை ரோட்டில் நிறுத்தச் சொன்னவர் அவர்தான். அவரை யாரும் விழச் சொல்லவில்லை. அக்கா காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். எனக்கு அந்த ஆளின் மேஜையைக் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. நான் அறிக்கையைத் தட்டச்சு செய்யப் போனேன்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் அக்காவின் அப்பா போய்விட்டார். நெஞ்சு வலி. எதிர் வீட்டில் ஆட்டோ இருந்தது, எடுக்கவில்லை. காலையில் எனக்குப் போன் வந்து நான் போய்ச் சேர்ந்தபோதுதான் படகுகள் கிளம்பிக்கொண்டிருந்தன. சங்கு ஊத, மேளம் அடிக்க ஆள் வரவில்லை. ஊர்ச் சுடுகாட்டுக்குப் போக வழி விடமாட்டோம் என்று சொல்லியனுப்பினார்கள். கடலூரிலிருந்து வண்டி வரவழைத்து, எங்கள் ஆபீஸ் டிரைவரும் வண்டிக்காரரும் தூக்க, நானும் அக்காவும் கால்பக்கம் பிடித்து ஏற்றினோம். தெருவில் எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. சித்தி வீட்டுக் கதவு மட்டும் ஒரு விரல் அளவு திறந்திருந்தது. அது திறக்கும் என்று அக்கா வண்டியில் ஏறாமல் நின்றாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

அதன் பிறகு அக்கா மேலே வந்த கதையை எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அவ்வளவு பெருமை இல்லை. குப்பத்தை விட்டுச் சிதம்பரத்தில் ஒரு அறை எடுத்தாள். அவளை விழச் சொன்ன அதே இயக்குநர், வெளியூர்க்காரர்கள் வரும் கூட்டங்களில் அவளை மேடையேற்றினார். தகப்பன் பிணம் கிடந்தபோது படகுகள் கிளம்பியதை அவள் சொல்வாள், கூட்டம் கண்ணைத் துடைக்கும். முதல் நாலைந்து முறை அவளும் அழுதாள். பிறகு அழுகை வரவில்லை. பயிற்சியாளர் ஒருவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "படகு போற எடத்துல கொஞ்சம் நிறுத்துங்க மேடம், அப்பதான் ஆடியன்சுக்கு உள்ள போகும்" என்று சொல்லிக்கொடுத்தார். அடுத்த கூட்டத்தில் அந்த இடம் வந்ததும் அக்கா நிறுத்தினாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்கு குடித்தாள். கைத்தட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

அந்தக் கைத்தட்டல்களை வைத்துக்கொண்டே அவள் தனியாக ஒரு சங்கம் கட்டினாள். கடற்கரை ஊர்களின் கைம்பெண்கள், தனித்திருக்கும் பெண்கள் எல்லாருக்குமான சங்கம். அதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. கால் தேய அலைந்தாள், கலெக்டர் ஆபீஸ் வாசலில் வெயிலில் கிடந்தாள். நானும் பழைய வேலையை விட்டு அவளிடம் வந்துவிட்டேன். இப்போது புயல் நிவாரணம் எந்த வழியில் வந்தாலும் கைம்பெண்களுக்குத் தனியாகப் பங்கு எடுத்து வைக்கிறார்கள், எங்கள் சங்கம் வழியாக. மற்ற ஊர் நாட்டார்களே எங்கள் சிதம்பரம் ஆபீசுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார்கள். எல்லாரும் அவளைத் தலைவி என்கிறார்கள், நானும் ஆள் முன்னால் அப்படித்தான் கூப்பிடுகிறேன். சித்திகூட சங்கத்தில் சேர்ந்துவிட்டாள். கூட்டம் நடக்கும் நாளில் முன்வரிசையில் உட்கார்ந்து, "நான் வளத்த பொண்ணு" என்று பக்கத்தில் இருப்பவளிடம் சொல்வாள். தலைவி அவளுக்கு ஒவ்வொரு முறையும் பஸ் ஏற்றிவிட ஆள் அனுப்புவாள், ஒரு வார்த்தை மட்டும் பேச மாட்டாள்.

போன மழைக்காலத்தில் மறுபடி புயல். கூரைத் தகடு கொடுத்துக்கொண்டிருந்தோம். ஆபீஸ் முன்னால் பெண்கள் வரிசையாக நின்றார்கள். அந்த வரிசையில் நாட்டாரின் மனைவி நின்றிருந்தாள். நாட்டார் செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள், அவளும் வெளியூரில். புது நாட்டார் பழைய வழக்கப்படி தலைக்கட்டு இல்லை என்று சொல்லிவிட்டு, கைம்பெண்கள் பங்கெல்லாம் இப்போது சிதம்பரத்தில்தான், அங்கே போய்க் கேள் என்று அனுப்பியிருக்கிறான். ஈரப் புடவை, கையில் ஒரு ஒயர்க்கூடை. முறை வந்ததும் மேஜை முன்னால் வந்து நின்றாள்.

தலைவி அவளை அடையாளம் கண்டுகொண்டாள். "உக்காருங்க அத்த" என்று நாற்காலியைக் காட்டினாள், தண்ணீர் கொடுக்கச் சொன்னாள். அவ்வளவு மரியாதை. பிறகு என்னைப் பார்த்து, "இவுங்க மெம்பரா?" என்றாள்.

மெம்பர் இல்லை என்று அவளுக்கே தெரியும். நாட்டார் உயிரோடு இருந்தவரை அந்த வீட்டுப் படியை எங்கள் சங்கத்து ஆள் மிதிக்க முடியாது. நான் மெதுவாக, "அக்கா, சுத்தமா கூரையே இல்லையாம். கோயில் கொட்டாயிலதான் படுத்துருக்காங்களாம்" என்றேன். ஆள் முன்னால் அக்கா என்றதற்கே அவள் முகம் சுளித்தாள்.

"சங்கத்துல இல்லாதவுங்களுக்குப் பங்கு கெடையாது. இது நான் இவுங்களுக்குன்னு போட்ட விதி இல்ல, எல்லாருக்கும் உள்ளதுதான்" என்றாள். குரலில் கோபமே இல்லை. "இப்ப சேந்துக்குங்க அத்த. அடுத்த தடவ வந்தா குடுப்போம்."

அவள் அப்பனைச் சாகும்வரை கரையில் உட்கார வைத்தவன் பெண்டாட்டிக்கு இது போதாது என்று ஒரு பக்கம் மனசு சொன்னது, அதையும் மறைக்க மாட்டேன். ஆனாலும் பின்னால் அடுக்கியிருந்த தகடுகளைப் பார்க்க முடியவில்லை. கிழவி சண்டை போடுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், அழவாவது அழுவாள் என்று எதிர்பார்த்தேன். வரிசையில் நின்ற சித்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

நாட்டாரின் மனைவி தண்ணீரைக் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தலைவியை நன்றாக ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு நிறைவு இருந்தது என்றால் நம்ப மாட்டீர்கள். ஒயர்க்கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஊருன்னு ஒண்ணு நடத்துனா அப்பிடித்தாம்மா இருக்கணும். எங்க வூட்டுக்காரரு இருந்திருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பாரு" என்றாள்.

கேலி இல்லை, சாபம் இல்லை. மனசார மெச்சினாள். சொல்லிவிட்டு, வரிசையில் நின்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக ஒதுங்கி, மழையில் இறங்கிப் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள்.

தலைவி காலி டம்ளரை எடுத்துவிடச் சொன்னாள். பிறகு அடுத்தவளைக் கூப்பிட்டாள்.