காலில் ஒட்டிய கேப்பை

திண்டிவனத்திலிருந்து செஞ்சி ரோட்டில் நடந்துகொண்டிருக்கிறோம். அம்மை இறங்கினால் என் மகள் தன் காலாலேயே நடந்து மேல்மலையனூர் வருவாள் என்று அங்காளம்மனிடம் வேண்டிக்கொண்டவள் நான். நாலு வயது அஞ்சலைக்கு வேண்டுதல் எங்கே தெரியும்? வெறுங்காலில் தார் சுடுகிறது. ஓரத்தில் இறங்கினால் நெருஞ்சி முள். நின்று அழுகிறாள். தூக்கிக்கொண்டால் வேண்டுதல் என்ன ஆவது?

கொஞ்ச தூரத்தில் ஓர் அம்மாள், வண்டிகள் ஏறி மணி உதிரட்டுமென்று கேப்பைக் கதிரை ரோட்டில் பரப்பிவைத்திருக்கிறாள். அஞ்சலை ஓடிப்போய் அதன்மேல் நின்றுகொள்கிறாள். சாப்பிடுகிற பொருளாயிற்றே என்று பதறிப்போய் அவளை இழுக்கிறேன்.

"வுடும்மா. பஸ்ஸு மிதிக்குது, புள்ள மிதிச்சா என்னா?" என்கிறாள் அந்த அம்மாள்.

கதிர் முடிகிற இடம் வந்ததும், பின்னாலிருந்து அள்ளிவந்து முன்னால் போடுகிறாள். அஞ்சலை நடக்க நடக்கப் போட்டுக்கொண்டே வருகிறாள், தூரத்துப் புளியமர நிழல் வரைக்கும்.

நிழலில் உட்கார்ந்து, குழந்தையின் பாதத்தில் ஒட்டிய மணிகளைத் தட்டி அந்த அம்மாளிடம் நீட்டுகிறேன். அவள் அவற்றை என் முந்தானையிலேயே முடிந்துவிடுகிறாள்.

"ஆத்தா காலாண்ட கொட்டிடும்மா. எங்க வூட்டு கேப்பையும் நடந்தே வந்துச்சின்னு சொல்லு."